துப்பாக்கிக்குச் சட்டம் சொல்லப் போவது யார்?

மலையகத்தில் ஒரு வினா எழுந்துள்ளது. எழுந்த வினாவை மூடி மறைப்பது எமது வழக்கமன்று. ஆகவே இவ்வாரம் அதனை எடுத்துக் கொள்கின்றோம். அட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு தோட்ட லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்த தாயின் கூலியிற் படித்து, சட்டம் பயின்று, உயர் நீதிமன்றத்தின் முன் சத்தியப் பிரமாணம் செய்து வெளிவரும் ஓர் இளைஞனோ இளநங்கையோ, இந்நாட்டின் முப்படைகளில் சட்ட அதிகாரியாகச் சேரலாமா, கூடாதா?

படைகள் சட்டத்தரணிகளை அதிகாரிகளாகச் சேர்த்துக் கொள்கின்றன. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திற் சட்டத்துக்கென ஒரு பீடமே இயங்குகின்றது. பாதை இருக்கின்றது. அப்பாதையில் எம்மவர் கால் வைக்கலாமா என்று கேட்டால், இரண்டு குரல்கள் ஒரே வேளையில் "கூடாது" என்று கூவுகின்றன.

முதற்குரல் பேரினவாதியின் குரல். "தோட்டக்காட்டானுக்குப் படையில் என்ன வேலை?" என்பது அதன் கேள்வி. இரண்டாவது குரல் எம்முள்ளிருந்தே வருகின்றது. "எம்மினத்தைச் சுட்ட கைக்கு நாம் எழுதுகோல் பிடித்துக் கொடுப்பதா?" என்பது அதன் கேள்வி. முன்னது ஆணவத்திற் பிறந்தது; பின்னது புண்ணிற் பிறந்தது. ஆணவத்துக்குரிய மறுமொழியைப் புண்பட்டவனுக்குக் கூறலாகாது. எனவே இரண்டுக்கும் தனித்தனியே விடையிறுப்போம்.

ஆயினும், விடை கூறுமுன் அப்பதவி யாது என்பதை அறிதல் வேண்டும். இராணுவச் சட்டத்தரணி துப்பாக்கி தூக்கிக் களம் புகுபவர் அல்லர். சிப்பாய் ஒருவன் மீது குற்றஞ் சாட்டப்பட்டால், சாட்சியங்களைத் திரட்டி வரிசைப்படுத்துபவர் அவர். இராணுவ நீதிமன்று கூடினால், அங்கே குற்றஞ் சாட்டுபவராகவோ எதிரிக்காக வாதாடுபவராகவோ நிற்பவர் அவர். தீர்ப்பளிக்க அமர்ந்திருக்கும் அதிகாரிகளுக்கு, "சட்டம் இவ்வாறு கூறுகின்றது" என்று எடுத்துரைக்கும் ஆலோசகரும் அவர் வகுப்பைச் சேர்ந்தவரே. ஒரு காணியைப் படை எடுத்துக் கொள்ள விரும்பினால், அதற்கான கடிதத்தை எழுதுபவரும், அக்காணிக்குரிய கமக்காரன் நீதிமன்றுக்குச் சென்றால் படையின் சார்பில் மறுமொழி தயாரிப்பவரும் சட்டம் படித்தவர்களே. போர் விதிகள் எவை, கைதியை எவ்வாறு நடத்த வேண்டும், எவரைச் சுடலாகாது என்று சிப்பாய்களுக்குக் கற்பிக்க வேண்டியவரும் அவரே.

சுருங்கக் கூறின், துப்பாக்கிக்குச் சட்டம் சொல்பவர் அவர். இத்தகைய ஆசனத்தில் யார் அமர்கின்றார், யாருடைய சொற்படி அமர்கின்றார் என்பது எமக்குப் புறம்பான விடயமாகுமா?

இனி வரலாற்றைப் பார்ப்போம். 1949ஆம் ஆண்டு இந்நாட்டில் நிகழ்ந்தவற்றை எம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டின் 17ஆம் இலக்க இராணுவச் சட்டத்தின்படி, ஒக்டோபர் 10ஆம் நாள் இலங்கை இராணுவம் பிறந்தது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டத்தினால் மலையகத் தமிழனின் வாக்கு பறிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அவனது குடியுரிமையைக் குடித்து முடித்திருந்தது. 1947இல் நுவரெலியாவிலிருந்து எஸ். தொண்டமானையும் தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையையும் பாராளுமன்றுக்கு அனுப்பிய மக்கள், 1952இல் வாக்குச் சாவடிக்கு வெளியே நின்றனர். நாட்டைக் காக்கப் படை அமைத்த அதே கை, நாட்டை உருவாக்கியவனை நாடற்றவனாக்கிற்று!

படையிற் சேர விரும்புவோனிடம் கேட்கப்படும் முதற் கேள்வி, "நீ இலங்கைப் பிரசையா?" என்பதாகும். அக்கேள்விக்கு "ஆம்" என்று கூற எம்மவருள் இலட்சக்கணக்கானோருக்கு எத்தனை ஆண்டுகள் பிடித்தன? 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கென்றும், மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பிரித்தனர். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டனர். 1988இல் ஒரு சட்டம் வந்தது. அதுவும் போதாமல் 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் கதவை அடைத்து வைத்துவிட்டு, "உங்களுள் ஒருவரும் உள்ளே வரவில்லையே" என்று கேட்பது எவ்வகை நியாயம்? "படையில் உனக்கென்ன வேலை?" என்று வினவும் பேரினவாதிக்கு நாம் கூறும் விடை இதுவே: வேலை உண்டு. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தைக் கூறுகின்றது. அச்சமத்துவம் கொழுந்துக் கூடையோடு முடிந்துவிடுவதன்று. தியத்தலாவையில் அதிகாரிகளைப் பயிற்றும் கழகம் எந்த மலையில் நிற்கின்றது? தேயிலை மலைகளின் நடுவிலன்றோ நிற்கின்றது! அம்மலைகளைக் காடழித்துத் திருத்தியவனின் பேரப்பிள்ளை அதன் வாயிலில் நுழைவது அந்நியன் நுழைவதாகுமா?

இப்பொழுது இரண்டாவது குரலுக்கு வருவோம். அக்குரலுக்குரியவர்கள் எம் உடன்பிறந்தார். அவர்கள் கூறும் உண்மைகளை நாம் மறுக்கவில்லை. 2000ஆம் ஆண்டு டிசெம்பரில் மிருசுவிலில் எட்டுப் பேர் கொல்லப்பட்டனர். குழந்தையும் அதில் அடங்கும். குற்றவாளியெனக் காணப்பட்ட படைவீரருக்கு 2015இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் சனாதிபதியின் ஒரு கையெழுத்து அவரை வீட்டுக்கு அனுப்பிற்று. வலிகாமம் வடக்கில் 1990இலிருந்து செம்மண் தோட்டங்களை இழந்து முகாம்களிற் கிடந்த கமக்காரரின் கதையை எம் வாசகருக்கு நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. "இத்தனைக்கும் பிறகு அச்சீருடையையா அணியச் சொல்கின்றீர்?" என்று கேட்கின்றனர்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நாம் ஒன்றைத் திருப்பிக் கேட்கின்றோம். எம்மவர் ஒருவரும் இல்லாத மன்றுகளில் எமக்கு நீதி கிடைத்ததா? விலகி நின்றமையால் துப்பாக்கி மௌனமானதா? நாம் வெளியே நின்ற காலத்திலேயே இவையெல்லாம் நிகழ்ந்தன. ஒருவன் உள்ளே சென்றிருந்தால் யாவும் தடுக்கப்பட்டிருக்கும் என்று கூறும் பேதைமை எமக்கில்லை. ஆயினும், சாட்சி தமிழிற் கூறியதைச் சிங்களத்தில் எழுதியவன் பிழைபட எழுதினான் என்று சுட்டிக் காட்ட ஒருவராவது உள்ளே இருத்தல் வேண்டாமா?

இவ்விடத்தில் தோட்டத்து மக்களுக்கு மட்டுமே உரிய ஓர் அறிவு உண்டு; அதனைக் கொழும்பும் அறியாது, யாழ்ப்பாணமும் முழுதாக அறியாது. படைமுகாமின் சட்டமும் தோட்டத்தின் சட்டமும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகள். காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் இடத்தைப் பெரட்டுக் களம் என்கின்றோமே, அந்தப் 'பெரட்டு' படையணியின் 'பரேட்' என்னும் சொல்லின் திரிபு என்பர். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகன்ற தொழிலாளியைச் சிறையிலிடலாம். வேலையை விட்டுப் போனதற்காகச் சிறை சென்றவர்கள் உலகில் யாவர்? சிப்பாய் ஒருவன்; தோட்டத் தொழிலாளி மற்றவன்! கடன் தீர்ந்ததென்று துரை எழுதித் தரும் 'துண்டு' இல்லாமல் அடுத்த தோட்டத்தில் அடியெடுத்து வைக்க முடியாது. அத்துண்டு முறை 1921இலேயே ஒழிந்தது.

அந்நாளில் குற்றஞ் சாட்டுபவர் துரை. சாட்சி துரையின் கணக்கப்பிள்ளை. துரைமாரிற் சிலரே சமாதான நீதவான்களாகவும் அமர்ந்திருந்தனர். அத்துரைமார் 1900ஆம் ஆண்டு முதல் தமக்கெனத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையொன்றையும் வைத்திருந்தனர். 1949இல் புதிய இராணுவம் பிறந்தபோதே அது கலைக்கப்பட்டது. முறைப்பாட்டுக்காரனும் நீதிபதியும் ஒரே மேசையில் உணவருந்தினால் எதிரியின் கதி என்னவாகும் என்பதை எம் பாட்டன்மார் தம் முதுகில் எழுதிப் படித்தனர். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் குண்டுக்கு இரையானபோது, விசாரணை ஆணைக்குழுவின் முன் தொழிலாளர் பக்கம் நின்று வாதாட கொல்வின் ஆர். டி சில்வா வந்தார். ஒரு சட்டத்தரணி எழுந்து நிற்பதன் பொருளை மலையகம் அன்றே கண்டது.

இராணுவ நீதிமன்றைப் பாருங்கள். மன்றைக் கூட்டுவது மேலதிகாரம். அதில் அமரும் அதிகாரிகளை நியமிப்பதும் அதுவே. வழக்குத் தொடுப்பவரும் அதன் கீழுள்ளவரே. தீர்ப்பும் மேலிடம் உறுதி செய்த பின்னரே செல்லுபடியாகும். சட்டம் கூறுபவர் கூடத் தம் பதவி உயர்வுக்கு அந்த மேலிடத்தையே பார்த்திருக்க வேண்டும். இது பெரட்டுக் களத்து நீதியின் தம்பியன்றி வேறென்ன?

இத்தகைய நீதி தமிழனை மட்டும் தீண்டியதென்று எண்ண வேண்டா. 1915இல் கலவரத்தை அடக்கவென ஆங்கிலேயர் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தனர். கொழும்பு நகரக் காவற்படையின் தளபதியருள் ஒருவரான எட்வேர்ட் ஹென்றி பேதிரிஸ் என்னும் சிங்கள இளைஞரை இராணுவ நீதிமன்று விசாரித்தது. ஜூலை 7ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த அநீதியை எடுத்துரைக்க இலண்டனுக்குக் கப்பலேறியவர் யார்? சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்னும் தமிழ்ச் சட்ட அறிஞர்! பேதிரிசுக்கு 2024ஆம் ஆண்டிலேதான் அரசின் மன்னிப்புக் கிட்டியது. அவசர நீதிக்கு ஒரு மாதம் போதும். அதனைத் திருத்த நூற்றொன்பது ஆண்டுகள் தேவைப்பட்டன.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2009இல் போரை முடித்த தளபதி சரத் பொன்சேகா, அடுத்த ஆண்டே இராணுவ நீதிமன்றின் முன் நிறுத்தப்பட்டார். 2010 செப்டெம்பரில் முப்பது மாதச் சிறை. அதனால் மக்கள் தந்த பாராளுமன்ற ஆசனமும் பறிபோயிற்று. இராணுவ நீதிமன்றும் அரசியலமைப்பு கூறும் "நீதிமன்றமே" என்று உயர் நீதிமன்றம் 2011இல் உரைத்தது. அவர் நடத்திய போரில் எம்மினம் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அவர் பொருட்டுக் கண்ணீர் வடிக்கவும் இல்லை. ஆனால் பாடம் என்ன? கட்டளைக்குக் கீழ்ப்பட்ட நீதி, நேற்றுத் தான் வணங்கிய தளபதியையும் இன்று விழுங்கும். வெற்றித் தளபதிக்கே அந்நிலையாயின், சாதாரணச் சிப்பாயின் நிலை என்ன? அச்சிப்பாய் மீது முறையிட வரும் தமிழ்த் தாயின் நிலைதான் என்ன?

சட்டம் யாருக்குக் கைகொடுக்கின்றது என்பதற்கு இன்னுமோர் ஒப்புமை கூறுவோம். பறிபோன வாக்குரிமைக்காகக் கோடக்கன்பிள்ளை என்பவரின் வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1953இல் அம்மன்று கையை விரித்தது. 1962இல் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகப் படை, பொலிஸ் அதிகாரிகள் மீது வழக்கு. அவர்களைத் தண்டிப்பதற்கெனவே ஒரு விசேட சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டம் நீதித்துறையின் அதிகாரத்தில் தலையிடுகின்றது என்று கூறி, அதே பிரிவிக் கவுன்சில் 1965இல் அவர்களை விடுவித்தது. துப்பாக்கியின் பலத்தால் அரசையே அசைக்க முயன்றதாகச் சாட்டப்பட்டோருக்குச் சட்டம் கேடயமாயிற்று. கொழுந்துக் கூடையன்றி வேறொன்றும் அறியாதவனுக்கு அது கதவடைத்தது. ஏன்? முன்னவரிடம் சட்டமறிந்தோர் பலர் இருந்தனர். அவருக்கென வாதாடத் திறன்மிக்க நாவுகள் இருந்தன. பின்னவனிடம் நியாயம் மட்டுமே இருந்தது. நியாயம் மட்டும் போதாது, தமிழ் மக்களே! அதனை எடுத்துரைக்கும் இடத்தில் ஆளும் வேண்டும்.

ஆகவே எமது முடிவு இது: மலையகத்தின் சட்டம் பயின்ற பிள்ளைகள் அப்பதவியை நாடலாம், நாட வேண்டும். ஆனால் அடிமையாக அன்று. கதவு திறந்தால் மட்டும் போதாது. உள்ளே கிடக்கும் சங்கிலியும் அறுபடல் வேண்டும். அரசாங்கத்திடம் நாம் கேட்பவை இவை.

ஆட்சேர்ப்பு அறிவித்தல் தமிழிலும் வெளிவர வேண்டும். அட்டனிலும் நுவரெலியாவிலும் தெரியும்படி வெளிவர வேண்டும். நேர்முகப் பரீட்சையைத் தமிழிற் கொடுக்க உரிமை வேண்டும். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. அத்திருத்தம் முகாமின் வாயிலில் காவலாளியால் தடுத்து நிறுத்தப்பட்டதா? சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தக் கொணர்ந்த விதிகளை 2023 மார்ச்சில் பாராளுமன்றம் தோற்கடித்தது. புதுக்கடையில் வென்ற உரிமை படைத் தலைமையகத்திலும் வெல்ல வேண்டும். தமிழ்ச் சாட்சியின் வாக்குமூலம் தமிழிலேயே எழுதப்பட்டு, அவருக்கு வாசித்துக் காட்டப்படல் வேண்டும்.

அடுத்து, சட்டம் கூறுபவரின் உயர்வும் தாழ்வும் தளபதியின் கையில் இருத்தலாகாது. பிரித்தானியரிடமிருந்து இம்முறையைக் கற்றோம் என்கின்றனர். அப்பிரித்தானியாவே அதனைக் கைவிட்டதை அறிவரா? பின்ட்லே என்னும் படைவீரரின் வழக்கில், மன்றைக் கூட்டும் அதிகாரியே யாவற்றையும் ஆட்டுவிக்கும் முறை பக்கச்சார்பற்ற நீதியாகாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு வருமுன்னரே, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரித்தானியா அதனை மாற்றத் தொடங்கிவிட்டது. ஆசான் எறிந்த பழஞ்சட்டையை மாணவன் இன்னும் அணிந்து திரிவதா?

மூன்றாவதாக, பெண்களுக்குச் சம இடம் வேண்டும். இந்திய இராணுவத்தின் சட்டப் பிரிவில் ஆண்களுக்கெனக் கூடிய இடங்களை ஒதுக்கிய முறையை, இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. மலையகத்தின் பாரத்தைத் தலையிற் சுமந்தவள் பெண். அவள் மகள் சட்டப் புத்தகத்தைச் சுமக்கும்போது படி இறங்கச் சொல்வார் எவர்?

நான்காவதாக, படை தன்னைத் தானே விசாரித்துத் தன்னைத் தானே விடுவிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். போரின்போது பொதுமக்கள் மீது குண்டு வீசவில்லை என்று 2013இல் இராணுவம் தன் சொந்த விசாரணை மன்றின் மூலம் தனக்கே நற்சான்றிதழ் வழங்கிக் கொண்டது. தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர்வதைப் பாமரனும் ஏற்கமாட்டான், உலகம் ஏற்குமா?

இவற்றை நாம் படைக்குப் பகையாகக் கேட்கின்றோம் என்று சிலர் கூறுவர். அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரை, ஒழுங்கின் பெயரால் படைவீரனின் அடிப்படை உரிமைகளையே சுருக்க இடமளிக்கின்றது. ஆகவே நேர்மையான இராணுவ நீதி முதலில் காப்பது ஏழைச் சிங்களச் சிப்பாயைத்தான். அவனும் ஒரு கமக்காரனின் மகனே.

இறுதியாக, சட்டம் பயிலும் எம் பிள்ளைகளுக்கு ஒரு சொல். நீங்கள் அச்சீருடையை அணிவீர்களாயின், அதன் தோளிலுள்ள நட்சத்திரங்களுக்காக அணியாதீர்கள். சட்டவிரோதக் கட்டளை வரும் நாளில், "ஐயா, இது சட்டமன்று" என்று எழுந்து நின்று கூறும் ஒரு கணத்துக்காக அணியுங்கள். அக்கணத்தில் வாய் மூடுவீர்களாயின், நீங்கள் பிறந்த லயத்துக்கும் கற்ற சட்டத்துக்கும் ஒருங்கே துரோகிகளாவீர்கள். அக்கணத்தில் வாய் திறப்பீர்களாயின், பதவி போனாலும் பழி வராது.

பெற்றோருக்கும் ஒரு சொல். படித்த பிள்ளை கொழும்புக் கடையிற் கணக்கெழுதினாற் போதும் என்று எண்ணாதீர்கள். வடக்கின் கமக்காரரே, மலையகத்தின் மகன் அப்பதவியில் அமர்ந்தால் அவனைச் சந்தேகக் கண் கொண்டு மட்டும் பாராதீர்கள். உங்கள் காணியின் கோவை அவன் மேசைக்கு வரும் நாளும் உண்டு. அவன் செயலைக் கண்டு தீர்ப்புக் கூறுங்கள்.

துப்பாக்கி இந்நாட்டிலிருந்து நாளையே மறைந்து விடப் போவதில்லை. அது இருக்கும் வரை அதற்குச் சட்டம் சொல்ல ஒருவர் இருந்தே தீர வேண்டும். அவர் அஞ்சாதவராகவும், எவர் கைக்கும் கட்டுப்படாதவராகவும், எம் மொழி அறிந்தவராகவும் இருக்க வேண்டும் என்பதே எமது கோரிக்கை. நூறாண்டுகள் குற்றவாளிக் கூண்டில் நின்ற ஒரு சமுதாயம், சட்டத்தின் மேசைக்கு அருகே ஓர் ஆசனம் கேட்கின்றது. அது பிச்சையன்று, கடன். கடனைத் திருப்பிச் செலுத்துக!